பசியின் மேல் போடும் பழி

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நாடு முழுவதும் நடத்திய நீரிழிவுக் கணக்கெடுப்பின் முடிவு 2023 ஜூன் மாதம் வெளியானது. பட்டியலில் கோவா முதலிடம், 26.4 சதவீதம். அடுத்தது புதுச்சேரி, 26.3. மூன்றாவதாகக் கேரளா, 25.5. நாட்டின் சராசரி 11.4 மட்டுமே. புதுச்சேரியில் இருபது வயதைத் தொட்ட நான்கு பேரில் ஒருவருக்குச் சர்க்கரை நோய் என்று அர்த்தம். ஓரிரு நாள் பேசினோம். பிறகு பேச்சு அடங்கிவிட்டது.

2008இல் தொடங்கி 2020 வரை, 1,13,043 பேரைச் சோதித்து எடுத்த கணக்கு அது. அவர்களில் 79,506 பேர் கிராமத்தில் வசிப்பவர்கள். இரவெல்லாம் வெறும் வயிற்றோடு இருந்தவரின் விரலில் காலையில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுப்பார்கள். பிறகு 82.5 கிராம் குளுக்கோஸ் தூளைத் தண்ணீரில் கரைத்துக் கொடுப்பார்கள். அடித்தொண்டையில் ஒட்டிக்கொள்ளும் தித்திப்பு அது. குடித்துவிட்டு இரண்டு மணி நேரம் எதுவும் தின்னாமல் காத்திருந்தால் விரலில் இன்னொரு குத்து. புதுச்சேரிக்குக் கிடைத்த எண் யூனியன் பிரதேசம் முழுமைக்குமானது. வில்லியனூர் கொம்யூனுக்கு எவ்வளவு, பாகூர் கொம்யூனுக்கு எவ்வளவு என்று அது பிரித்துச் சொல்லவில்லை. ஆனால் புதுச்சேரியில் நகரத்துக்கும் கிராமத்துக்கும் நடுவே அப்படியொன்றும் தூரம் கிடையாது. பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் பஸ்ஸில் வந்தால் வயல் தொடங்கிவிடும். காலையில் நாற்றங்காலைப் பார்த்துவிட்டு எட்டரை மணிக்குக் கம்பெனி வண்டி ஏறுகிறவர் அதே தெருவில்தான் இருக்கிறார்.

பாகூரைப் புதுச்சேரியின் நெற்களஞ்சியம் என்பார்கள். தென்பெண்ணைத் தண்ணீர் பங்காரு வாய்க்கால் வழியாகப் பாகூர் ஏரிக்கு வந்து, சொர்ணவாரி, சம்பா, நவரை என்று மூன்று போகம் கண்ட பூமி. சோறுதான் இங்கே கூலி, சோறுதான் விருந்து, சோறுதான் மரியாதை. அந்த ஊர்களில் இன்று சர்க்கரை நோயைப் பற்றி யாரைக் கேட்டாலும் வருகிற முதல் பதில், "வாயைக் கட்டலை, அதான்" என்பது. நோயாளியும் அதையே சொல்கிறார், பக்கத்து வீட்டுக்காரரும் அதையே சொல்கிறார், மருந்து கொடுப்பவரும் பல நேரம் அதையே சொல்கிறார். நோய் வந்ததற்குக் காரணம் தின்றவரின் நாக்கு என்று ஊரே ஒருமனதாக முடிவு கட்டிவிட்டது. இந்தத் தீர்ப்பு தவறு என்பதற்கு ஆதாரம் வெளிநாட்டிலிருந்து வர வேண்டியதில்லை. சென்னையிலிருந்த ஒரு மருத்துவ விஞ்ஞானி முப்பது ஆண்டுக்கும் மேலாக அந்த ஆதாரத்தைச் சேர்த்து வைத்திருக்கிறார்.

டாக்டர் ஏ. ராமச்சந்திரன், இந்திய நீரிழிவு மருத்துவத்தின் முன்னோடியான பேராசிரியர் எம். விஸ்வநாதனிடம் ராயபுரத்தில் பயின்று வந்தவர். உயிர்வேதியியலாளர் சி. சினேகலதா அவருடைய நெடுங்கால ஆய்வுத் துணை. 1970களில் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் எடுத்த கணக்கில் இந்திய நகரங்களில் 2.1 சதவீதத்தினருக்கும் கிராமங்களில் 1.5 சதவீதத்தினருக்கும்தான் நீரிழிவு இருந்தது. இது பணக்கார நாட்டு நோய், நமக்குக் காசநோயும் காலராவும் போதும் என்று பலரும் நினைத்துக்கொண்டிருந்த காலம். ராமச்சந்திரன் குழு 1989இல் சென்னையிலும் அதன் பக்கத்துக் கிராமத்திலும் சோதித்துப் பார்த்தபோது நகரத்தில் 8.2, கிராமத்தில் 2.4 என்று வந்தது. அதே கிராமப்புறத்துக்கு 2003இல் திரும்பிப் போனார்கள். 2.4 இப்போது 6.4 ஆகியிருந்தது. 2006இல் சென்னை 18.6, காஞ்சிபுரம் 16.4, நகரத்தை ஒட்டிய கிராமங்கள் 9.2.

ஒரே இடத்துக்குத் திரும்பிப் போவது ஆராய்ச்சியில் அருமையான குணம். புது இடம், புதுத் தலைப்பு என்று ஓடினால் கட்டுரைகள் கூடும். பழைய ஊருக்கே பதினான்கு ஆண்டு கழித்துப் போய், அப்போது எத்தனை பேர், இப்போது எத்தனை பேர் என்று பார்த்தால்தான் அந்த ஊரில் என்ன மாறியது என்று கேட்க முடியும். அங்கே நாக்கா மாறியது? பதினான்கு ஆண்டில் ஒரு கிராமத்தின் மன உறுதி மூன்றில் ஒரு பங்காகக் குறைந்துபோகுமா? மாறியது வேலை. சைக்கிள் போய் பைக் வந்தது, ஏற்றம் போய் மோட்டார் வந்தது, அம்மிக்குப் பதில் மிக்ஸி, நடவுக்கும் அறுவடைக்கும் இயந்திரம். இவற்றில் ஒன்றுகூட வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. குனிந்து நட்ட பெண்களின் இடுப்பு வலியை நினைத்தால் இயந்திரத்துக்கு நன்றி சொல்லத்தான் வேண்டும். ஆனால் உடலுக்குள் நடந்தது வேறு. சாப்பிட்ட பிறகு ரத்தத்தில் சேரும் சர்க்கரையில் பெரும்பங்கை வாங்கி வைத்துக்கொள்வது தசைதான். உழைக்கிற தசை, இன்சுலின் துணை இல்லாமலேகூட ரத்தத்திலிருந்து சர்க்கரையை உறிஞ்சிக்கொள்ளும். ஒரு படிச் சோற்றை வயலில் நின்ற உடம்பு செலவழித்துவிடும். அதே சோறு, அதே பசி, அதே தட்டு. வயல் வேலை மட்டும் இல்லை என்றால் சர்க்கரை ரத்தத்தில்தான் நிற்கும்.

பசியைப் பற்றியே ஒரு இந்தியர் உலகுக்குச் சொல்லிக்கொடுத்த பாடம் ஒன்று உண்டு. லாகூரில் மருத்துவம் படித்த பால் கிருஷ்ண ஆனந்த், ராக்ஃபெல்லர் உதவித்தொகையில் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்துக்குப் போய், ஜான் புரோபெக்குடன் சேர்ந்து 1951இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். எலியின் மூளையடியில் ஹைப்போதலாமஸ் என்ற பகுதியின் பக்கவாட்டில், இரண்டு புறமும், மிகச் சிறிய இடத்தை மட்டும் செயலிழக்கச் செய்தார்கள். அந்த எலிகள் சாப்பிடுவதை அடியோடு நிறுத்திவிட்டன. முன்னால் தீனி குவிந்திருக்க, பட்டினியில் செத்தன. ஆனந்த் தில்லிக்குத் திரும்பி, அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தில் உடலியல் துறையைக் கட்டியெழுப்பினார். ரத்தத்தின் சர்க்கரை அளவு மாறும்போது மூளையின் அந்தப் பகுதி நரம்பணுக்களின் துடிப்பும் மாறுகிறது என்று 1960களில் அவர் குழு காட்டியது. பசி நம் விருப்பத்தைக் கேட்டுக்கொண்டு வருவதில்லை. மூளையும் ரத்தமும் தங்களுக்குள் பேசி முடித்த பிறகுதான் நமக்குத் தெரியவே வருகிறது.

சர்க்கரை நோய் வந்தவரிடம் இந்தப் பேச்சே குழம்பிப்போகிறது. ரத்தத்தில் சர்க்கரை தேங்கி நிற்கிறது, திசுக்களுக்குள் போவதில்லை, ஒரு பங்கு சிறுநீரில் வெளியேறுகிறது. உடல் தனக்கு எதுவும் கிடைக்கவில்லை என்று எண்ணிக்கொண்டு மேலும் கேட்கிறது. கட்டுக்குள் வராத சர்க்கரை நோயின் அறிகுறிகளில் ஒன்றே அடங்காப் பசி என்று முதலாண்டு மருத்துவ மாணவருக்குத் தெரியும். நோய் கிளப்பிவிட்ட பசியைக் காட்டி, நோயாளிக்குக் கட்டுப்பாடு இல்லை என்று ஏசுவது எவ்வளவு பெரிய அநியாயம் என்று எண்ணிப் பாருங்கள்.

பாகூர்ப் பக்கத்துச் சுகாதார நிலையம் ஒன்றில், சுகர் மாத்திரை கொடுக்கும் நாளில், பெஞ்சில் இடம் கிடைக்காமல் தரையில் உட்கார்ந்திருந்த ஓர் அம்மாவின் முறை வந்தது. ஐம்பத்தைந்து வயது இருக்கலாம். மெலிந்த கை, கால்களில் சேற்றுப்புண். மாத்திரை நோட்டை ரேஷன் கார்டோடு ஒரே பிளாஸ்டிக் உறையில் வைத்திருந்தார்.

"சாப்பாட்டக் குறைக்கச் சொன்னேனே, குறைச்சீங்களாம்மா?"

"குறைச்சேன் சிஸ்டர். ராத்திரிக்கி ரெண்டு இட்லிதான்."

"மத்தியானம்?"

அவர் நோட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "களை எடுக்கப் போறேன் சிஸ்டர். சோறு இல்லாம நிக்க முடியல. எனக்குத்தான் வாயக் கட்டத் தெரியல."

அந்தக் கடைசி வாக்கியத்தை அவர் குற்றத்தை ஒப்புக்கொள்கிறவரைப் போலச் சொன்னார். அவருடைய உடம்பில் சதை என்று சொல்ல ஒன்றும் இல்லை. சர்க்கரை என்றால் குண்டான உடம்பு, பெருந்தீனி என்று நம் மனத்தில் பதிந்திருக்கும் படத்துக்கு அவர் எந்த விதத்திலும் பொருந்தமாட்டார்.

அப்படிப் பொருந்தாதது ஏன் என்பதற்கும் விடை தேடியிருக்கிறார்கள். புனேயின் டாக்டர் சித்தரஞ்சன் யாஜ்னிக், 1993 முதல் அங்குள்ள ஆறு கிராமங்களில் கருவுற்ற தாய்மார்களையும் அவர்கள் பெற்ற பிள்ளைகளையும் தொடர்ந்து கவனித்து வந்தார். அந்தக் குழந்தைகளின் சராசரிப் பிறப்பு எடை 2.7 கிலோ, இங்கிலாந்தின் சவுதாம்ப்டன் குழந்தைகளுக்கு 3.5. கையும் வயிறும் சூம்பி, தசை குறைந்து பிறந்த அந்தப் பிள்ளைகளின் தோலடிக் கொழுப்பு மட்டும் அந்த அளவுக்குக் குறையவில்லை. 2004இல் யாஜ்னிக் தம்மையும் லண்டன் நண்பர் ஜான் யுட்கினையும் சேர்த்து எடுத்த ஒரு புகைப்படத்தை 'லான்செட்' வெளியிட்டது. உயரத்துக்கேற்ற எடைக் குறியீடு இருவருக்கும் ஒன்றே, 22.3. உடல் கொழுப்போ யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2. தாயின் வயிற்றிலேயே, பஞ்சத்துக்குத் தயாராகி வந்த உடம்பு இது. பஞ்சத்தைத் தாண்டி வந்துவிட்டோம், உடம்புக்குத்தான் அது தெரியவில்லை. களையெடுக்கும் அந்த அம்மாவின் தாயார் அவரைச் சுமந்த காலத்தில் என்ன சாப்பிட்டிருப்பார் என்பதை நோட்டில் எழுத இடமில்லை. எழுதப் பழகினால் ஏச்சாவது கொஞ்சம் குறையும்.

ராமச்சந்திரனின் பணியில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது, நோய் வந்துவிட்டவர்களை விட்டு, வரப்போகிறவர்கள் பக்கம் அவர் திரும்பியது. குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து நரம்பிலிருந்து எடுத்த ரத்தத்தில் 200 மில்லிகிராமும் அதற்கு மேலும் இருந்தால் நோய். 140க்கு மேல், 200க்குள் நின்றால் நோய்க்கு முந்திய நிலை. கிராமத்தில் இதற்குப் "பார்டர்" என்று பெயர். பார்டரில் நிற்கும் 531 பேரைச் சேர்த்து, நான்கு பிரிவாக்கி, மூன்று ஆண்டு தொடர்ந்து பார்த்தார்கள். ஒரு பிரிவுக்குப் பொதுவான அறிவுரை மட்டும். அடுத்ததற்கு உணவிலும் நடையிலும் திட்டமிட்ட மாற்றம். மூன்றாவதற்கு மெட்ஃபார்மின் மாத்திரை, ஒரு வேளைக்கு 250 மில்லிகிராம் வீதம் தினம் இரு வேளை. நான்காவதற்கு மாற்றமும் மாத்திரையும் சேர்த்து. 2006இல் முடிவு வந்தது. அறிவுரை மட்டும் கேட்டவர்களில் 55 சதவீதத்தினர் மூன்றே ஆண்டில் நோயாளிகள் ஆகிவிட்டார்கள். மற்ற மூன்று பிரிவிலும் அது 39 முதல் 41 சதவீதத்துக்குள் நின்றது. உணவு, நடை மாற்றத்தால் மட்டும் ஆபத்து 28.5 சதவீதம் குறைந்தது. இரண்டையும் சேர்த்துக் கொடுத்ததால் கூடுதலாக எதுவும் கிடைக்கவில்லை.

இதே வகை ஆய்வு அமெரிக்காவில் 2002இல் 58 சதவீதப் பலன் காட்டியிருந்தது. அங்கே உடல் எடையைக் குறைத்ததே முக்கிய வழி. சென்னை ஆய்வில் எடை குறிப்பிடும்படியாகக் குறையவே இல்லை. எடை குறையாமலே நோய் தள்ளிப்போனது. மெலிந்த உடம்பிலும் தடுக்க முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டாம். அவர்கள் கேட்டதும் பெரிய தவம் அல்ல. உட்கார்ந்தே வேலை பார்ப்பவர் தினம் அரை மணி நேரம் வேகமாக நடக்க வேண்டும். ஏற்கெனவே உடலுழைப்பு உள்ளவர் அதை விடாமலிருக்க வேண்டும். சோற்றையும் தீட்டிய மாவையும் குறைத்து, கீரையும் காயும் பருப்பும் கூட்ட வேண்டும். இரண்டு வாரத்தில் ஒரு போன், பிறகு மாதம் ஒரு போன், ஆறு மாதத்துக்கு ஒருமுறை நேரில். இதைச் செய்தவர்களுக்கும் வெறும் அறிவுரை கேட்டுப் போனவர்களுக்கும் இடையே இருந்த முக்கிய வித்தியாசம், திட்டமாகச் சொல்லிக்கொடுத்துவிட்டு, என்ன ஆச்சு என்று திரும்பத் திரும்பக் கேட்க ஒரு மனிதர் இருந்தார் என்பதுதான்.

நம் கிராமத்தில் முப்பது வயதைத் தாண்டியவர்களுக்கு அரசுத் திட்டத்தில் சோதனை நடக்கிறது. ஆஷா பணியாளர் வீட்டுக்கு வந்து கேள்வித்தாளை நிரப்புகிறார். சர்க்கரை கூடுதலாக இருந்தால் நோட்டு, மாத்திரை, அடுத்த மாதத் தேதி எல்லாம் கிடைத்துவிடும். குறைவாக இருந்தால் நிம்மதி. பார்டரில் இருப்பவருக்கு? "பார்டர்லதான் இருக்கு, வாயைக் கட்டுங்க" என்ற ஒரு வரி. நோட்டும் கிடையாது, தேதியும் கிடையாது. சென்னை ஆய்வில் 55 சதவீதம் பேர் நோயில் விழுந்த பிரிவுக்குக் கொடுத்த அதே சிகிச்சை இது. நாட்டில் பார்டரில் இருப்பவர்கள் 13.6 கோடிப் பேர் என்று 2023 கணக்கு சொல்கிறது. நோய் உள்ளவர்கள் 10.1 கோடி.

மனிதரை வைத்துப் போன் செய்வது செலவு என்று ராமச்சந்திரனுக்கும் தெரிந்திருந்தது. அதனால் அடுத்த ஆய்வில் குறுஞ்செய்தியைக் கையில் எடுத்தார், லண்டன் இம்பீரியல் கல்லூரியோடு சேர்ந்து. தென்னிந்தியாவில் தொழிற்சாலை, சேவை நிறுவன ஊழியர்கள் 8,741 பேரைச் சோதித்து 537 பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். பாதிப்பேருக்கு, அவரவர் மனநிலைக்கேற்ப எழுதிய செய்திகள் இரண்டு ஆண்டு போனில் வந்தன. முடிவில் செய்தி வந்தவர்களில் 18 சதவீதத்தினருக்கும் வராதவர்களில் 27 சதவீதத்தினருக்கும் நோய். 2013இல் வந்த இந்த முடிவு உலகெங்கும் பேசப்பட்டது. சேதராப்பட்டுக்கும் திருபுவனைக்கும் கம்பெனி வண்டியில் போகும் வில்லியனூர் இளைஞர்களுக்கு நாளைக்கே இதைச் செய்யலாம்.

ஆனால் அந்த 537 பேரும் ஆண்கள். ஆராய்ந்த பணியிடங்கள் அப்படி, வேறு வழியில்லை என்று எனக்குப் புரிகிறது. களையெடுக்கும் அம்மாவுக்கு அதனால் என்ன பயன் என்பது வேறு கேள்வி. போன் மகனிடம் இருக்கும், செய்தி வந்தால் அவன்தான் படிப்பான். சோற்றைக் குறைத்துக் காயைக் கூட்டச் சொன்னால், ரேஷனில் வருவது அரிசி. சில ஆண்டுகள் அரிசியும் வராமல் வங்கிக் கணக்கில் பணம் வந்தது; அப்போதும் அந்தப் பணத்தில் முதலில் வாங்கியது அரிசியைத்தான். அரை மணி நேரம் நடக்கச் சொன்னால், வேலையில்லாமல் ஒரு பெண் விடிகாலையில் கைவீசி நடப்பதைத் தெரு எப்படிப் பார்க்கும் என்பதையும் அவர் யோசித்தாக வேண்டும்.

கிராமத்துக்கு இதைக் கொண்டுபோன முயற்சி ஒன்று கேரளத்தில் நடந்தது. நெய்யாற்றின்கரை வட்டத்தில் அறுபது வாக்குச்சாவடிப் பகுதிகளில், நோய் வரும் ஆபத்து அதிகம் உள்ள 1,007 பேரை எடுத்து, அக்கம்பக்கத்தவர்களில் ஒருவரையே வழிகாட்டியாக்கிக் குழுக்கள் நடத்தினார்கள். இரண்டு ஆண்டு கழித்துக் குழுக்கள் இல்லாத பகுதியில் 17.1 சதவீதத்தினருக்கும் குழுக்கள் இருந்த பகுதியில் 14.9 சதவீதத்தினருக்கும் நோய் வந்தது. இந்த வித்தியாசம் தற்செயலாகவும் இருக்கலாம் என்று 2018இல் அவர்களே நேர்மையாக எழுதினார்கள். இதைத் தோல்வி என்று ஒதுக்குகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. மருத்துவமனை நிழலில் நடந்த ஒன்று ஊருக்குள் வரும்போது பலம் குறையும் என்பதை அது காட்டியது. எங்கே பலம் குறைகிறது, யாரிடம் குறைகிறது என்று கண்டுபிடிப்பதுதான் அடுத்த வேலை. அதற்கு வில்லியனூர் கொம்யூனைவிட வசதியான இடம் எது? இராமநாதபுரத்தில் ஜிப்மரின் கிராம சுகாதார மையம் பல பத்தாண்டுகளாக இருக்கிறது. தொண்டமாநத்தத்திலும் பிள்ளையார்குப்பத்திலும் வீடு வீடாகப் போய்த்தான் அங்கே மாணவர்கள் சமுதாய மருத்துவம் கற்கிறார்கள். மருத்துவக் கல்லூரிகளுக்குப் பஞ்சமில்லாத பிரதேசம் இது.

பசியையே அடக்கும் ஊசிகள் இப்போது வந்துவிட்டன. குடலில் சுரக்கும் ஹார்மோனைப் போலச் செய்து மூளைக்குப் போதும் என்று சொல்ல வைக்கும் மருந்துகள். ஆனந்த் எலியின் மூளையில் தேடிய இடத்துக்கு அறிவியல் எழுபது ஆண்டு கழித்து மருந்தோடு திரும்பியிருக்கிறது. அருமையான சாதனை, மறுப்பதற்கில்லை. 2025 மார்ச்சில் இவற்றில் ஒன்றான மௌன்ஜாரோ இந்தியாவுக்கு வந்தபோது வாரம் ஒரு ஊசி, தொடக்க அளவே 3,500 ரூபாய். மாதத்துக்குப் பதினாலாயிரம். மேலும், உழைக்க வேண்டிய, மெலிந்த, தசை குறைந்த உடம்புக்குப் பசியைக் குறைப்பது எந்த அளவுக்கு நல்லது என்பதை மருத்துவர்கள் நிதானமாகச் சொல்ல வேண்டும். விலை நாளைக்குக் குறையும். குறைந்ததும், பிரச்சினை பசிதான் என்ற பழைய தீர்ப்புக்கு ஊசியே ஆதாரமாகிவிடக் கூடாது என்பதுதான் என் கவலை.

சென்னை ஆய்வின் செலவுக் கணக்கையும் ராமச்சந்திரன் குழு 2007இல் வெளியிட்டது. உணவு, நடை மாற்றத்தின் மூலம் ஒருவருக்கு நோய் வராமல் தடுக்க ஆன செலவு 1,052 டாலர். கால் புண்ணுக்கும் டயாலிசிஸுக்கும் கண் ஆபரேஷனுக்கும் பிற்காலத்தில் ஒரு குடும்பமும் ஓர் அரசும் கொட்டும் பணத்தோடு அதை ஒப்பிட்டுப் பார்க்க நிதித்துறைக்கு ஒரு மாலைப் பொழுது போதும். அந்த 1,052 டாலர் மாத்திரைக்கான செலவு அல்ல, ஆளை வைத்துக் கூப்பிட்டுப் பேசி நடத்திய முறைக்கான செலவு. பாகூர், வில்லியனூர் சுகாதார நிலையங்களில் பார்டர் என்று சொல்லி அனுப்பப்பட்டவர்களுக்கென்று ஒரு பதிவேடு தொடங்கி, மூன்று ஆண்டுக்கு மாதம் ஒருமுறை அவர்களை விசாரிக்க ஒருவரை அதற்கென்றே நியமிக்கலாம். ஏற்கெனவே பத்து வேலை சுமக்கும் ஆஷா பணியாளரின் தலையில் பதினோராவதாக இதையும் வைத்தால் பதிவேடுதான் நிரம்பும். போன் இல்லாத பெண்களைத் தேடி நடவு நடக்கும் இடத்துக்கும் ஊரக வேலைத் திட்டப் பணி நடக்கும் இடத்துக்கும் அந்த ஆள் போக வேண்டியிருக்கும். அவருடைய பஸ் செலவையும் சேர்த்துத்தான் திட்ட மதிப்பீடு போட வேண்டும்.